தஞ்சம் கோரியவர்களுக்கு மண்டபத்தில் வார உதவி நிலையம்: கோயில், தேவாலயக் குழுக்கள் கேட்கும் கேள்விகள்

பிரிட்டனில் பல தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் சில கோயில்களும் வாரத்தில் அரைநாள் மண்டபத்தைத் திறந்துவைத்து, தஞ்சம் கோரியவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கின்றன, வந்த கடிதத்தை வாசித்துச் சொல்கின்றன, டாக்டரிடமோ கவுன்சிலுக்கோ கூடப் போகின்றன. அப்படி ஒன்றைத் தொடங்க நினைக்கும் குழுக்களுக்கும், ஏற்கெனவே நடக்கும் நிலையத்தில் புதிதாகச் சேரும் தொண்டர்களுக்கும் இந்தப் பக்கம். சட்டம் பற்றிச் சொல்பவை இங்கிலாந்துக்கு உரியவை. தொகைகளும் நாட்கணக்கும் 2025 நிலவரம். ஹோம் ஆபிஸ் (பிரிட்டனின் உள்துறை அமைச்சு) இவற்றை அடிக்கடி மாற்றும் என்பதால் மேசையில் ஒட்டும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வருபவர்கள் எல்லோரும் அகதிகள்தானே? ஏன் பிரித்துப் பார்க்க வேண்டும்?

மனிதராகப் பார்க்கையில் பிரிக்க வேண்டியதில்லை. சாப்பாட்டு வரிசையில் யாரிடமும் எதுவும் கேட்காதீர்கள். ஆனால் கடித மேசைக்கு வந்தவுடன் பிரித்தே ஆக வேண்டும். கேஸ் முடிவுக்குக் காத்திருப்பவருக்கு 1999 குடிவரவு, தஞ்சச் சட்டத்தின் 95ஆம் பிரிவில் வீடும் சிறு தொகையும் கிடைக்கலாம். கேஸ் மறுக்கப்பட்டு மேல்முறையீடும் முடிந்தவருக்குப் பெரும்பாலும் ஒன்றுமில்லை. சில நிபந்தனைகளில் 4ஆம் பிரிவு உதவி உண்டு. அகதி அந்தஸ்து கிடைத்தவர் வேலை செய்யலாம், அரச கொடுப்பனவு கேட்கலாம், ஆனால் ஹோம் ஆபிஸ் வீட்டை விட்டு வெளியேற வேண்டும். மூன்று பேருக்கும் ஒரே பதிலைச் சொல்லும் தொண்டர் இரண்டு பேரைப் பிழையான இடத்துக்கு அனுப்பிவிடுவார்.

அரசாங்கம் காசு கொடுக்கிறதே, எங்கள் சாப்பாடு எதற்கு?

தானே சமைத்துச் சாப்பிடும் வீட்டில் இருப்பவருக்கு 2024 ஜனவரி முதல் வாரம் 49.18 பவுண். சாப்பாட்டோடு ஹோட்டலில் வைக்கப்பட்டவருக்கு வாரம் 10 பவுண்கூட வராது. லண்டன் பஸ்ஸில் ஒரு தடவை ஏற 1.75 பவுண்; சொலிசிட்டரிடம் ஒருமுறை போய்வந்தால் 3.50, அதாவது அந்த வாரக் காசில் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே ஹோட்டலில் இருப்பவருக்கு உங்கள் சோற்றை விடப் பஸ் காசு பெரிய உதவி. முடிந்தால் கொடுங்கள், ஆனால் எல்லோருக்கும் ஒரே தொகை, ஒரே விதி. ஒருவருக்கு இரகசியமாகக் கூடுதலாகக் கொடுத்தது அடுத்த வாரமே மண்டபம் முழுக்கத் தெரிந்துவிடும்.

காசு ‘ஆஸ்பென்’ அட்டையில் விழுகிறது. அட்டை தொலைந்தாலோ காசு விழாவிட்டாலோ மைக்ரண்ட் ஹெல்ப் என்ற அமைப்பின் இலவசத் தொலைபேசி உதவிக்குச் சொல்ல வேண்டும். நெடுநேரம் காத்திருக்க வேண்டிவரும். அதற்கென்றே ஒரு கதிரையும் சார்ஜரும் ஒதுக்கிவையுங்கள். முறைப்பாட்டு எண்ணை எழுதி வாங்காமல் தொலைபேசியை வைக்கக் கூடாது.

60 பேருக்குச் சமைக்க எவ்வளவு வேண்டும்? என்ன கவனிக்க வேண்டும்?

அரிசி ஐந்தரைக் கிலோ, பருப்பு இரண்டரைக் கிலோ, மரக்கறி எட்டுக் கிலோ அளவில் போட்டால் இரண்டாம் தடவை கேட்பவர்களுக்கும் காணும். கோயில் சமையலறை சைவமாக இருப்பது இங்கே பெரிய வசதி: ஹலால் கேள்வியே எழாது. எரித்திரியா, எத்தியோப்பியா ஓர்த்தடொக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளிக்கிழமைகளிலும் நோன்புக் காலங்களிலும் இறைச்சி மட்டுமல்ல, பால், நெய், வெண்ணெயும் தொடமாட்டார்கள். உங்கள் நாள் வெள்ளிக்கிழமை என்றால் நெய்யை விட்டு எண்ணெயில் தாளியுங்கள். தயிரைத் தனியாக வையுங்கள்.

அறிவிக்க வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருட்களில் கடுகும் எள்ளும் உண்டு என்பது நம் சமையல்காரர் பலருக்குப் புதிய செய்தி. கடையில் வாங்கும் பெருங்காயத்தூளில் கோதுமை மா கலந்திருப்பது வழக்கம். டப்பாவின் பின்புறத்தைப் பாருங்கள். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிப் பரிமாறும் இடத்தில் ஒட்டினால் போதும்.

ஆபத்து சோற்றில்தான். சமைத்தாலும் சாகாத ஒரு கிருமியின் வித்துகள் அரிசியில் உண்டு. சோறு இளஞ்சூட்டில் கிடக்கக் கிடக்க அவை பெருகி நஞ்சை உண்டாக்கும், திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. காலை ஏழு மணிக்கு வடித்து, துணியால் மூடி, மதியம் ஒரு மணிக்குப் பரிமாறும் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். 63 பாகைக்கு மேல் சூடாக வைத்திருங்கள், அல்லது பிந்திச் சமையுங்கள். மிஞ்சிய சோற்றைப் பொட்டலம் கட்டிக் கொடுக்க விரும்பினால் அகன்ற தட்டில் பரப்பி ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்துக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வையுங்கள். ஹோட்டல் அறையில் குளிர்சாதனப் பெட்டி இருக்காது, ஆகவே அங்கிருந்து வருபவருக்குச் சோற்றுப் பொட்டலம் வேண்டாம். பழம், பிஸ்கட், பேரீச்சம்பழம் கொடுங்கள்.

வாராவாரம் சமைப்பதென்றால் தொடங்குவதற்கு 28 நாள் முன்பே உள்ளூர்க் கவுன்சிலில் உணவு நிலையமாகப் பதிய வேண்டும். கட்டணம் இல்லை.

கடித மேசையில் என்ன செய்ய வேண்டும்?

நிலையத்தின் உயிர் இந்த மேசைதான். சாப்பாடு கொடுக்க நூறு பேர் முன்வருவார்கள்; இங்கே உட்கார இரண்டு நிதானமான ஆட்கள் வேண்டும். பலருக்குக் கேஸ் கெடுவது உண்மையில்லாததால் அல்ல, உறையைத் திறக்காததால்.

கடிதத்தோடு உறையையும் கேளுங்கள். உறையில் இருக்கும் தபால் முத்திரைத் தேதி, கடிதத்தில் அச்சிட்ட தேதி, அவர் கையில் கிடைத்த தேதி: மூன்றும் வெவ்வேறாக இருக்கும். மூன்றையும் பென்சிலால் கடிதத்தின் நகலில் எழுதுங்கள், மூலத்தில் எழுத வேண்டாம். ஹோட்டல் வரவேற்பு மேசையில் பத்து நாள் கிடந்த கடிதத்துக்கு உறைதான் சாட்சி. பிறகு இரண்டு பக்கத்தையும் அவருடைய தொலைபேசியிலேயே படம் எடுத்து, அவருடைய சொலிசிட்டருக்கு அவர் கையாலேயே அனுப்பச் செய்யுங்கள்.

சுவரில் பெரிய எழுத்தில் நான்கு எண்கள் இருக்கட்டும். தஞ்சம் மறுக்கப்பட்டால் மேல்முறையீட்டுக்கு 14 நாள், அதுவும் முடிவு அனுப்பப்பட்ட நாளிலிருந்து. 95 அல்லது 4ஆம் பிரிவு உதவியை மறுத்தால் அல்லது நிறுத்தினால், கடிதம் கிடைத்து 3 வேலை நாளுக்குள் மேல்முறையீடு. கேஸ் முழுக்க முடிந்து தோற்ற தனியாளுக்கு உதவி 21 நாளில் நிற்கும். அந்தஸ்து கிடைத்தவருக்கு 28 நாள். அதைப் பற்றிக் கீழே.

மூன்று நாள் கடிதம்தான் அதிகம் தவறுவது. வியாழன் கிடைத்த கடிதம், உங்கள் நிலையம் அடுத்த புதன் என்றால், செவ்வாயோடு நாள் போய்விட்டது. ஆகவே வாரத்தின் மற்ற நாட்களில் கடிதப் படத்தைப் பெறுவதற்கு மட்டும் ஒரு தொலைபேசி எண் வேண்டும். அதைத் தினமும் ஒருமுறை பார்க்க ஓர் ஆள் வேண்டும். இந்த வகை மேல்முறையீட்டுக்கு அசைலம் சப்போர்ட் அப்பீல்ஸ் புரொஜெக்ட் என்ற தொண்டு நிறுவனம் இலவசமாக உதவுகிறது.

இன்னொரு வழக்கமான விபத்து முகவரி மாற்றம். வீடு மாற்றியதே ஹோம் ஆபிஸ்தானே, அவர்களுக்குத் தெரியாதா என்று கேட்பார்கள். வீடு பார்க்கும் பிரிவுக்குத் தெரிந்தது கேஸ் பார்க்கும் பிரிவுக்குப் போய்ச் சேராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கேஸ் பிரிவு, சொலிசிட்டர், தீர்ப்பாயம், ஜி.பி. (குடும்ப டாக்டர்), பிள்ளைகளின் பள்ளி: ஐந்துக்கும் தனித்தனியாக அறிவிக்க வேண்டும். சொலிசிட்டரை மாற்றியவர் பழையவருக்கும் எழுத்தில் சொல்லாவிட்டால் முடிவு பழையவரிடமே போய்க் கிடக்கும்.

கேஸில் என்ன சொல்லலாம் என்று நாங்கள் வழிகாட்டலாமா?

கூடாது. பதிவு இல்லாமல் குடிவரவு ஆலோசனை கொடுப்பது 1999 சட்டத்தின்படி குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை. இலவசமாகக் கொடுத்தாலும் குற்றமே. பதிவைப் பார்க்கும் அமைப்பின் பெயர் 2025 ஜனவரி முதல் இமிக்ரேஷன் அட்வைஸ் அதோரிட்டி.

எல்லை எங்கே என்று தொண்டர்கள் தடுமாறுவார்கள். கடிதத்தில் இருப்பதை வாசித்துச் சொல்லலாம், மொழிபெயர்க்கலாம், சொலிசிட்டரைத் தேடித் தரலாம், கூடப் போகலாம். “இப்படிச் சொல்லுங்கோ, அதைச் சொல்லாதேங்கோ”, “இந்தச் சான்றிதழைப் போட்டால் கேஸ் நிக்கும்”, “அப்பீல் வேண்டாம், புதுசாப் போடுங்கோ” ஆகிய மூன்றும் ஆலோசனை. இதில் சட்டத்தை விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு: முதல் பேட்டியில் சொன்னதற்கும் பிறகு சொன்னதற்கும் உள்ள முரண்பாடுதான் மறுப்புக் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் காரணம். நல்ல மனதோடு ஒருவர் சேர்த்துக் கொடுத்த ஒரு வரி அந்த முரண்பாடாகிவிடும்.

மொழிபெயர்க்க நம்முடைய ஆட்களே போதுமா?

பஸ் நேரம் சொல்லப் போதும். சித்திரவதை, பாலியல் வன்முறை, இயக்கத் தொடர்பு பற்றிய பேச்சுக்குப் போதாது. இலங்கையிலிருந்து வந்தவர், எதிரே இருப்பவர் எந்த ஊர், யாருக்குச் சொந்தம், எந்தப் பக்கம் என்று முதலில் கணக்குப் போடுவார். கணக்குச் சரிவராவிட்டால் பாதியை விழுங்கிவிடுவார். “எனக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டாம்” என்று ஒரு தமிழர் சொன்னால் அதைத் திமிராக எடுக்காதீர்கள். தொலைபேசி வழியாக, பெயர் சொல்லாத, வேறு நகரத்து மொழிபெயர்ப்பாளர் பல வேளை நல்லது. ஹோம் ஆபிஸ் பேட்டிக்கு ஆண் அல்லது பெண் அதிகாரியும் மொழிபெயர்ப்பாளரும் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்க உரிமை உண்டு.

பிள்ளைகளை மொழிபெயர்க்க வைப்பதே கூடாது. பத்து வயதுப் பிள்ளை ஆங்கிலம் நன்றாகக் கதைக்கும். அதற்காகத் தாயின் காயத்தை அது டாக்டருக்கு விளக்க வேண்டியதில்லை.

அன்னதானத்தைப் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போடலாமா?

நன்கொடையாளருக்குக் காட்ட ஆசை வரும். பாத்திரத்தைப் படம் எடுங்கள், ஆளை வேண்டாம். ஊரில் குடும்பம் இருக்கிறது. படத்தில் பின்னால் நிற்கும் முகத்தை அங்கே யாராவது அடையாளம் காண்பார்கள். திருவிழா நேரலை இன்னும் மோசம், யாரும் அனுமதி கேட்பதில்லை. நிலையம் நடக்கும் நேரத்தில் மண்டபத்துக்குள் கமரா இல்லை என்ற பலகையை வாசலிலேயே வையுங்கள். கோயில் தலைவருக்கும் அதே விதி.

டாக்டரிடம் பதிய பாஸ்போர்ட் கேட்கிறார்களாம்?

கேட்டாலும் கொடுக்க வேண்டியதில்லை. ஜி.பி.யிடம் பதிய அடையாள அட்டையோ முகவரிச் சான்றோ விசாவோ கட்டாயம் இல்லை என்பது தேசிய சுகாதார சேவையின் சொந்த விதி. வரவேற்பில் இருப்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம். அந்த விதியை அச்சிட்டுக் கையில் கொடுத்தனுப்புங்கள். மருந்துச் சீட்டு ஒன்றுக்கு 9.90 பவுண், எச்.சி.2 சான்றிதழ் இருந்தால் அது இலவசம், பல்லும் கண்ணாடியும் அதில் அடங்கும். ஹோம் ஆபிஸ் உதவி பெறுபவருக்கு அது வந்திருக்க வேண்டும், வராவிட்டால் மைக்ரண்ட் ஹெல்ப்பிடம் கேட்க வேண்டும். உதவி இல்லாதவர் அதைப் பெற எச்.சி.1 படிவம் நிரப்ப வேண்டும்.

உடலில் தழும்பு உள்ளவர் அதை ஜி.பி.யிடம் காட்டிப் பதிவாக்குவது முக்கியம். பிறகு சொலிசிட்டர் வழியாக ஃப்ரீடம் ஃப்ரம் டோர்ச்சர் அல்லது ஹெலன் பாம்பர் ஃபவுண்டேஷனிடம் மருத்துவ அறிக்கைக்குக் கேட்கலாம். இப்படிப்பட்ட அறிக்கையில் மருத்துவர் எவ்வளவு தூரம் கருத்துச் சொல்லலாம் என்று 2019இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததே ஓர் இலங்கைத் தமிழரின் முதுகுத் தழும்பு வழக்கில்தான்.

விசா கிடைத்துவிட்டது. இனி அவர் எங்கள் பொறுப்பில்லைத்தானே?

அடுத்த ஒரு மாதந்தான் அவருக்கு ஆகக் கடினமான மாதம். லட்டுக் கொடுத்துவிட்டு நாட்காட்டியை எடுங்கள்.

ஹோம் ஆபிஸ் வீடும் காசும் 28 நாளில் நிற்கும். 2024 டிசம்பரில் இதைச் சோதனையாக 56 நாளாக்கினார்கள். 2025 செப்டம்பரில் தனியாட்களுக்கு மறுபடி 28 ஆக்கினார்கள். எந்தத் தேதி என்று கடிதத்தில் இருக்கும். மறுபக்கம், யுனிவர்சல் கிரெடிட் என்ற அரச கொடுப்பனவுக்கு விண்ணப்பித்து முதல் காசு வர ஐந்து வாரம். நான்கு வாரத்தில் பழைய காசு நிற்கிறது, ஐந்து வாரத்தில் புதுக் காசு வருகிறது. முதல் நாளே விண்ணப்பித்தாலும் ஒரு வாரம் துண்டு விழும். பத்தாம் நாள் விண்ணப்பித்தால் இரண்டரை வாரம். முற்பணம் கேட்கலாம், ஆனால் அது கடன், பிறகு வெட்டுவார்கள்.

ஆகவே முதல் இரண்டு நாளில் ஈ-விசா (இணையவழி விசா) கணக்கைத் திறந்து, பெயர், பிறந்த தேதி சரியா என்று பாருங்கள். தகப்பன் பெயர் முன்னாலா பின்னாலா என்ற குழப்பம் தமிழ்ப் பெயர்களில் சாதாரணம். வங்கிக் கணக்கும் ஈ-விசாவும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகாவிட்டால் காசு தடைப்படும். அதே வாரத்தில் வங்கிக் கணக்கு, யுனிவர்சல் கிரெடிட் விண்ணப்பம். தேசியக் காப்புறுதி எண் வரும்வரை காத்திருக்க வேண்டாம், அது இல்லாமலும் விண்ணப்பிக்கலாம்.

கவுன்சிலுக்கும் அதே வாரம். 56 நாளுக்குள் வீடற்றுப் போகக்கூடியவருக்கு உதவும் கடமை கவுன்சிலுக்கு உண்டு. “வெளியே போட்ட பிறகு வாருங்கள்” என்று அனுப்பினால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எழுத்து என்றதும் பதில் மாறுவதுண்டு. பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு வழி கிடைக்கும். நோயில்லாத தனி ஆணுக்கு முன்னுரிமை இல்லை. அவருக்கு வாடகை முற்பணமும் உத்தரவாதமும் வேண்டும். ஹோம் ஆபிஸின் வட்டியில்லா ஒருங்கிணைப்புக் கடன் இதற்கு உதவும். உங்கள் நிதியில் ஒரு பங்கை உணவிலிருந்து எடுத்து இதற்கு வைப்பது நல்லது என்பது எங்கள் அபிப்பிராயம்.

வீட்டில் ஓர் அறை இருக்கிறது. ஒருவரைத் தங்கவைக்கலாமா?

தங்கவைக்கலாம், அவசரப்பட்டு அல்ல. முதலில், ஹோம் ஆபிஸ் வீட்டில் இருப்பவரை இரக்கத்தில் கூட்டிவராதீர்கள். அங்கே இல்லை என்று கண்டால் அவருடைய உதவியை நிறுத்தலாம். மறுக்கப்பட்டு ஒன்றும் இல்லாதவருக்குத்தான் இந்த அறை. வாடகை வாங்கக் கூடாது, சமையலுக்கோ பிள்ளை பார்க்கவோ வேலை வாங்கவும் கூடாது. வீட்டுக் காப்புறுதி நிறுவனத்துக்கும் மோர்ட்கேஜ் கொடுத்தவருக்கும் அறிவியுங்கள். அறைக் கதவுக்குப் பூட்டு இருக்க வேண்டும்.

இரண்டு வாரப் பரீட்சார்த்தம், பிறகு மூன்று மாதம், ஒவ்வொரு முடிவிலும் பேச்சு என்று எழுத்தில் வையுங்கள். முடிவுத் தேதி இல்லாத விருந்தோம்பல் இரண்டு பக்கத்துக்கும் சிறையாகிவிடும். வீட்டுக்காரருக்கு ஒரு தொண்டரும் விருந்தினருக்கு வேறொரு தொண்டரும் வேண்டும். ஒருவரே இரண்டு பக்கமும் கேட்டால் விருந்தினர் வாயே திறக்கமாட்டார். நாக்கொம் வலையமைப்பில் உள்ள குழுக்கள் இதை நெடுங்காலம் செய்பவை. அவர்களுடைய ஒப்பந்தப் படிவத்தைப் பார்த்துச் செய்யுங்கள்.

கோயில் வேலைக்கு அவர்களை வைத்துக் கைச்செலவுக்குக் கொடுக்கலாமா?

அது சம்பளம். தஞ்சம் கோரியவருக்கு, 12 மாதத்துக்கு மேல் முடிவு வராமல், தாமதம் அவருடைய பிழையில்லாமல், அனுமதியும் கேட்டு வாங்கினால்தான் வேலை. அதுவும் பட்டியலில் உள்ள வேலை மட்டும். சட்டவிரோத வேலைக்கு முதல் தடவையே ஆளுக்கு 45,000 பவுண் வரை தண்டம். வேலைக்கு அமர்த்தியவர் அறநிலையம் என்பதால் தள்ளுபடி இல்லை. தண்டத்தைவிட, பிடிபட்டவரின் கேஸ் கெடும்.

தொண்டு செய்யலாம், பஸ் சீட்டைக் காட்டினால் அந்தக் காசைத் திருப்பிக் கொடுக்கலாம். சீட்டு இல்லாமல் ‘செலவுக்கு 20 பவுண்’ என்று கொடுத்தால் மறுபடி சம்பளமாகிவிடும். தொண்டர்களில் கால்வாசிப் பேராவது முன்பு இந்த வரிசையில் நின்றவர்களாக இருந்தால் நிலையம் நன்றாக நடக்கும்.

ஹோம் ஆபிஸ் அலுவலகத்துக்குக் கையெழுத்துப் போடப் போகும் நாளில் என்ன கவனம்?

போகாமல் விடுவது மிக மோசம். போன இடத்திலேயே தடுத்துவைப்பதும் நடக்கும். தடுப்பு நிலையத்தில் கமரா உள்ள தொலைபேசியை வாங்கிவைத்துவிடுவார்கள். எண்கள் எல்லாம் அதற்குள். ஆகவே சொலிசிட்டர் எண்ணும் உங்கள் எண்ணும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பைக்குள். மருந்து எடுப்பவர் மருந்தையும் சீட்டையும் கொண்டுபோகட்டும். இத்தனை மணிக்குள் அழைப்பேன் என்று சொல்லிவிட்டுப் போகட்டும், அழைப்பு வராவிட்டால் சொலிசிட்டருக்கு அறிவியுங்கள். உள்ளே போனவருக்கு 30 நிமிட இலவசச் சட்ட ஆலோசனை கேட்கும் உரிமை உண்டு.

கோயிலுக்குள் இருப்பவரைப் பொலிஸ் தொட முடியாதுதானே?

முடியும். தேவாலய அடைக்கல உரிமையை இங்கிலாந்து 17ஆம் நூற்றாண்டிலேயே ஒழித்துவிட்டது. தமிழர் உரிமைக்குக் குரல்கொடுத்த சிங்களவரான விராஜ் மெண்டிஸ் 1986 டிசம்பரில் மான்செஸ்டர், ஹல்மில் உள்ள தேவாலயத்துக்குள் போய் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தார். 1989 ஜனவரி 18 அன்று பொலிஸ் கதவை உடைத்து உள்ளே போய்ப் பிடித்தது. அடுத்த சில நாளிலேயே நாடுகடத்தினார்கள். ஆகவே “இங்கே வந்தால் பாதுகாப்பு” என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

ஆதரவுக் கடிதம் கேட்டால்?

கண்டதை மட்டும் எழுதுங்கள். “2024 மார்ச்சிலிருந்து பெரும்பாலான புதன்கிழமைகளில் வருகிறார், பாத்திரம் கழுவ உதவுகிறார்” என்பது சாட்சி. “மிக நல்லவர், திருப்பி அனுப்பினால் கொல்வார்கள்” என்பது சாட்சியல்ல, அது உங்களுக்குத் தெரியவும் தெரியாது. மதம் மாறியவரின் கேஸில், 2001 டொரோடியன் வழக்கிலிருந்து, குருவானவர் நேரில் வந்து சாட்சி சொல்வதைத் தீர்ப்பாயம் எதிர்பார்க்கிறது. நேரில் போகத் தயாரில்லாதவர் கடிதமும் கொடுக்க வேண்டாம். சாப்பாட்டையும் பிரார்த்தனையையும் ஒரே மேசையில் வைக்காதீர்கள். சாப்பிட வந்தவர் கும்பிட்டே ஆக வேண்டும் என்று நினைத்தால், நாளை அவருடைய மதமாற்றத்தையும் நீதிபதி சந்தேகிப்பார்.

உடுப்பு நன்கொடை வாங்கலாமா?

ஆண்களுக்கான சிறிய, நடுத்தர அளவு ஜாக்கெட், சப்பாத்து, புதிய உள்ளாடை, பள்ளிப் பை, சிம் அட்டை. சேலை மூட்டைகளை வாசலிலேயே நன்றி சொல்லித் திருப்பிவிடுங்கள். தரம் பிரிக்கப் போகும் நேரத்தில் இரண்டு கடிதம் பார்க்கலாம்.

திருவிழாவுக்கு மண்டபம் வேண்டும், இரண்டு வாரம் மூடலாமா?

சமையலை நிறுத்தலாம், கடித மேசையை நிறுத்த முடியாது. மூன்று வாரம் முன்பே வருபவர்களின் மொழிகளில் தேதியை எழுதி ஒட்டுங்கள். பலர் மூன்று பஸ் மாறி வருபவர்கள். மண்டபத்துக்குப் பதில் பக்கத்து நூலகத்தில் ஒரு மேசை, இரண்டு தொண்டர்கள், அதே கிழமை, அதே நேரம். கடிதப் படம் வாங்கும் தொலைபேசியைத் தேர் அன்றும் யாராவது ஒருவர் பார்க்க வேண்டும். அவர் யார் என்று கொடியேற்றத்துக்கு முன்பே பெயர் எழுதி வையுங்கள்.